உப்பும் உறைபனியும்: குளிர்காலத்தில் கார் பிரேக் கைவிட்டால் செய்ய வேண்டியவையும் வீட்டிலேயே பழுதுபார்க்கும் முறையும்

ஒன்ராறியோவில் முதல் பனி விழுமுன்னரே உப்பு லொறிகள் வீதிக்கு வந்துவிடுகின்றன. கனடா முழுவதிலும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 5 மில்லியன் தொன் உப்பு சாலைகளில் கொட்டப்படுகிறது. அது பனியை உருக்கி, உப்பு நீராகி, காரின் அடிப்பகுதியில் தெறித்து, பிரேக் பைப்பிலும் காலிப்பரிலும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஹேண்ட் பிரேக் கேபிளிலும் ஒட்டிக்கொண்டு, ஏப்ரல் மாதம் வரை விடாமல் தன் வேலையைச் செய்கிறது. குளிரில் பிரேக் ஆயில் உறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது உண்மையன்று. சாதாரண டாட் 3 (DOT 3) வகை ஆயில்கூட மறை 40 பாகையில் (-40°C) ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதற்கான தர விதி. குளிர்காலத்தில் பிரேக்கைக் கெடுப்பவை இரண்டு: உப்பு உண்டாக்கும் துரு, மற்றும் நீர் புகக்கூடாத இடத்தில் புகுந்து உறைந்துவிடும் நீர். இவ்விரண்டில் எது உங்கள் காரைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை நீங்களே செய்யலாம், எதற்கு இழுவை வண்டியை அழைக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

ஓடும்போது பிரேக் போனால்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பனிக்கட்டி படிந்த வீதியில் பிரேக்கை அழுத்தும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடித்து, அரைப்பது போன்ற ஒலி எழுந்து, கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால், அது பிரேக் பழுதன்று. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. பிடிமானம் இல்லாதது டயருக்குத்தான். அப்போது பெடலை இடையிடையே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய திசைக்குத் திருப்ப வேண்டும். உண்மையான பழுது வேறு மாதிரி இருக்கும்: பெடல் எவ்வித எதிர்ப்பும் இன்றித் தரை வரை இறங்கிவிடும், அல்லது கல்லை மிதிப்பது போல அசையாமல் நிற்கும்.

பெடல் தரை வரை இறங்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு பிரேக்கை வேகமாகவும் வலுவாகவும் பல முறை மிதியுங்கள். இன்றைய கார்களில் பிரேக் ஒரே சுற்றாக இருப்பதில்லை. முன்சக்கர இழுவை கொண்ட பெரும்பாலான கார்களில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரு சுற்றிலும், மற்ற இரண்டும் இன்னொரு சுற்றிலும் இருக்கும். ஒரு பைப் வெடித்தாலும் மறு சுற்றில் அழுத்தம் மிஞ்சியிருக்கும். ஆனால் அதைப் பெறுவதற்குப் பெடலை மிக ஆழமாக, முழு பலத்தோடு அழுத்த வேண்டியிருக்கும். கூடவே கியரைக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக் கார்களிலும் கீழ் கியருக்கு மாற்றும் வசதி உண்டு. வழுக்கும் வீதியில் ஒரே தாவலாக அல்லாமல் ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினின் இழுவையே முன்சக்கரங்களை வழுக்கச் செய்துவிடும்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். நெம்புகோல் வகையாக இருந்தால் அதன் நுனியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல உயர்த்துங்கள். காரின் பின்பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கினால் உடனே தளர்த்துங்கள். பொத்தானை விட்டுவிட்டு ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். மின் ஹேண்ட் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் அந்தச் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால், காரின் கணினியே கட்டுப்பாட்டோடு வேகத்தைக் குறைத்து நிறுத்தும். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், மிதியின் பலத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடமும் போய்விடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம். எதுவும் உதவாத நிலையில், வீதியோரத்தில் குவிந்திருக்கும் பனி மேட்டில் காரின் பக்கவாட்டை மெல்ல உரசவிட்டு நிறுத்தலாம். பம்பர் கீறும், அது பெரிய விலையன்று.

நின்ற பிறகு வருவதுதான் உண்மையான சோதனை. வீடு 2 கிலோமீட்டர்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். போகாதீர்கள். மிஞ்சியிருக்கும் ஒரு சுற்றும் அதே வயதுடையது, அதே உப்பில் குளித்தது.

பெடல் சொல்வதைக் கேட்பது

பழுது எங்கே என்பதைக் காரைத் தூக்குவதற்கு முன்னரே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பெடல் தரை வரை போகிறது, ஆயில் தொட்டியின் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. இந்த ஒரு விடயத்தில் பனி நமக்கு உதவுகிறது: வெள்ளைத் தாளில் மை சொட்டியது போல ஒழுக்கு தெளிவாகத் தெரியும். கண்ணாடி கழுவும் நீர் பெரும்பாலும் நீல நிறம். கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். பிரேக் ஆயில் புதிதாயின் தேன் நிறத்திலும் பழையதாயின் பழுப்பாகவும், விரலில் வழுவழுப்பாகவும் இருக்கும். ஏதேனும் ஒரு சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் பழுது அங்கே; காரின் நடுப்பகுதிக்குக் கீழே சொட்டினால் பைப்பில்.

பெடல் பஞ்சு போல் அமுங்குகிறது, ஆனால் மட்டம் சரியாக இருக்கிறது என்றால், சுற்றுக்குள் காற்று இருக்கிறது. ஆயில் பழசாகிவிட்டதும் காரணமாகலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஆனால் ஏறத்தாழ 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடும். டாட் 4 ஆயிலுக்கு இந்த எண்கள் 230, 155. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே ஒழுக்கு எதுவும் இல்லை என்றால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெடல் கல் போல் இறுகினால் சந்தேகம் பூஸ்டர் மீது விழ வேண்டும். எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயிலும் அதன் ஒருவழி வால்விலும் ஈரம் தேங்கி, கடுங்குளிர் இரவில் உறைந்து அடைத்துவிடுவது உண்டு. சோதிப்பது எளிது: எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து இறுகச் செய்து, அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். அசையாவிட்டால் குழாயையும் வால்வையும் பாருங்கள். குழாயைக் கழற்றிச் சூடான இடத்தில் உலர்த்தி, வால்வைப் புதிதாக மாற்றுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலை.

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, ஓடி நின்ற பிறகு ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகல் வாடையும் வெப்பமும் வருகிறது என்றால் அந்தச் சக்கரத்தின் காலிப்பர் இறுகிவிட்டது. உப்பு நாட்டில் மிக அதிகமாக நடப்பது இதுதான். வீட்டில் செய்யத் தகுந்ததும் இதுதான் என்பதால் கீழே விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் உறைந்த ஹேண்ட் பிரேக்கைப் பற்றிச் சில வரிகள். மாலையில் காரைக் கழுவி, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிட்டுக் காலையில் வந்தால் பின்சக்கரம் அசையாது. வெளியில் நிற்கும் காரின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். பிரேக் டிரம்மை ரப்பர் சுத்தியலால் தட்டலாம். தலைமுடி உலர்த்தியால் சூடாக்கலாம். வெந்நீர் ஊற்றாதீர்கள், அரை மணி நேரத்தில் முன்னைவிட மோசமாக உறையும். ஈரமான நாளில் சமதரையில் ஆட்டோமேட்டிக் காரைப் பார்க் கியரில் விட்டாலே போதும். ஆனால் உலர்ந்த நாட்களில் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்தத்தான் வேண்டும். மாதக்கணக்கில் அசைக்காத கேபிள் துருவேறி நிரந்தரமாகவே இறுகிவிடும்.

இடமும் கருவியும்

பனி இறுகிய டிரைவ்வேயில் ஜாக்கி வைப்பது தற்கொலைக்குச் சமம். சமமான கொன்கிரீட் தரையுள்ள கராஜ் வேண்டும். அது இல்லையென்றால் பனியையும் கட்டியையும் முழுவதும் சுரண்டிவிட்டு, உலர்ந்த தார்த்தரையில் கனமான ஒட்டுப்பலகை போட்டு அதன் மேல் ஜாக்கி ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூடக் காருக்கடியில் நுழைக்கக் கூடாது. குளிர் மறை 10 பாகையைத் தாண்டிவிட்டால் விரல்கள் சொன்னதைக் கேட்காது. நட்டின் இறுக்கத்தை உணர முடியாத கையால் பிரேக் வேலை செய்வதைவிட இரண்டு நாள் பேருந்தில் போகலாம்.

கராஜில் சூடேற்றி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தீச்சுவாலையிலோ பழுத்த உலோகத்திலோ பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கிளீனரை அடிக்கும் இடத்தில் ஹீட்டரும் கூடாது, வெல்டிங்கும் கூடாது; குளோரின் இல்லாத வகை எளிதில் தீப்பற்றும் என்பதால் அதற்கும் இதே விதிதான். கதவு மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் குளிர் மனிதனை எதையும் செய்ய வைக்கும்.

இறுகிய காலிப்பரை விடுவித்தல்

கார் தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் சரிந்தால் அது உயிரைக் காக்கும். சக்கரம் துருவால் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், ஒரு நட்டை நுனியில் விட்டுவிட்டு டயரின் கீழ்ப்பகுதியைக் குதிகாலால் உதையுங்கள். இதைச் சக்கரம் கழற்றும் நேரத்தில், அதாவது ஸ்டாண்ட் உறுதியாக நிற்கிறதா என்று காரைத் தள்ளிப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கங்களையும் செய்ய வேண்டும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. கழற்றாத பக்கம் எது எங்கே இருந்தது என்பதைக் காட்டும் மாதிரியாக இருக்கும்.

காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, காலிப்பரை ஒரு கம்பியால் சக்கரத்துக்கு மேலுள்ள சுருள்வில்லில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் அதன் பாரம் விழக் கூடாது. இப்போது பேட்களைப் பாருங்கள். உட்புற பேட் காகிதமாகத் தேய்ந்து, வெளிப்புற பேட் தடிமனாகவே இருந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் இறுகியிருக்கின்றன என்று பொருள்: பிஸ்டன் ஒரு பக்கம் அழுத்துகிறது, காலிப்பர் நகர்ந்து மறுபக்கத்தை இழுக்கவில்லை. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த பேட் எதையும் திரும்பப் போடாதீர்கள்.

பேட்கள் உட்காரும் பிராக்கெட்டில்தான் உப்பின் உண்மையான வேலை தெரியும். துருப்பிடிக்காத எஃகால் செய்த சிறு கிளிப்புகளுக்கு அடியில் துரு வளர்ந்து, கிளிப்பையே மேலே தள்ளி, பேட்டின் காதுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டித்தான் பேட் வெளியே வருகிறது என்றால் காரணம் இதுவே. பழைய பேட்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைத் தட்டி உள்ளே ஏற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அதே பழுதோடு அந்தக் கார் திரும்பி வரும். பிராக்கெட்டையே கழற்றி, கம்பிப் பிரஷ்ஷாலும் அரத்தாலும் வெற்று உலோகம் தெரியும் வரை தேய்த்து, புதிய கிளிப்புகளைப் போட வேண்டும். புதிய பேட் கைவிரலால் தள்ளினால் நகர வேண்டும்; நகராவிட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். கிளிப்பின் மேல் பிரேக் கிரீஸை நகத்தளவு தடவுங்கள், பேட்டின் உராயும் முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது.

ஸ்லைடு பின்களைத் திருகித் திருகி இழுத்து வெளியே எடுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றுபோல் தோன்றினாலும் சில கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, பின்னில் துருக்குழிகள் இருந்தால் புதியது வாங்குங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், ஏனெனில் உப்பு நீர் உள்ளே போன வழி அதுதான். சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து, நீங்கள் விடுவித்த பின்னை மீண்டும் இறுக்கிவிடும்.

பிஸ்டனை உள்ளே தள்ள ஜி கிளாம்ப் ஒன்றும் பழைய பேட் ஒன்றும் போதும். மெதுவாகத் தள்ளுங்கள், ஆயில் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று இடையிடையே பாருங்கள். பிரேக் ஆயில் காரின் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்ட இடத்தை உடனே நீரால் கழுவ வேண்டும். பிஸ்டன் அசைய மறுத்தால் காலிப்பரைக் குறை சொல்வதற்கு முன் பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) திறந்துவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள்: அப்போது எளிதாகப் போனால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது, அப்போதும் போகாவிட்டால் காலிப்பரையே மாற்ற வேண்டும். பின்சக்கரக் காலிப்பர்கள் பலவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. ஹேண்ட் பிரேக் இணைந்தவற்றில் பல பிஸ்டன்களைத் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும். மின் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்ற வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளிருக்கும் பொறிமுறை உடையும்.

டிஸ்க்கின் மீது குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். ஓர் இரவு நின்றதும் டிஸ்க்கில் படியும் செம்மஞ்சள் துரு முதல் சில பிரேக்கில் போய்விடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எல்லாவற்றையும் மாட்டியபின் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். வீல் நட்டுக்கு டொயோட்டா கொரொலாவில் 103 நியூட்டன் மீட்டர், ஹொண்டா சிவிக்கில் 108.

காரை அசைப்பதற்கு முன் பெடலை அது இறுகும் வரை பல முறை மிதியுங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் பேட்டைத் தொடுவதற்கு அத்தனை மிதி தேவை. நான் முதன்முறை இந்த வேலையைச் செய்தபோது மற்றவற்றையெல்லாம் சரியாகச் செய்து, இதை மறந்து, கராஜிலிருந்து பின்னோக்கி எடுத்த காரை வீதியோரப் பனிக்குவியலில்தான் நிறுத்தினேன்.

ஏர் எடுத்தல்

ஹோஸையோ காலிப்பரையோ மாற்றியிருந்தால் சுற்றுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில், டாட் 3, டாட் 4 இவற்றோடு சேராது. எண் அருகில் இருப்பதால் டாட் 5.1 என்பதும் அதுவே என்று எண்ண வேண்டாம். அது டாட் 4 குடும்பத்தைச் சேர்ந்தது, கடுங்குளிரிலும் இளகலாக ஓடக்கூடியது. போன ஆண்டு திறந்து வைத்த போத்தலைப் பயன்படுத்தாதீர்கள்.

துருவேறிய பிளீடர் நிப்பிள்தான் இங்கே எதிரி. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். அறுகோண சொக்கெட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். திறந்ததும் நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலைக் கவனிக்க வேண்டும். அவர் மெல்ல அழுத்தி "பிடித்திருக்கிறேன்" என்று சொன்ன பிறகு நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். நீங்கள் மூடி "விடலாம்" என்று சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு ஒருமுறை தவறினாலும் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும் வரை தொடருங்கள், தொட்டி வற்றாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள். பழைய கார்களில் பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது: வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பெடல் போனால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் அங்கே படிந்திருக்கும் கசடில் உரசிக் கிழியும். பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். சில கார்களில் வரிசை நேர்மாறாக இருக்கும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

பிரேக் பைப்

காரின் அடியில் ஓடும் எஃகு பைப்கள் உப்பில் அரித்து வெடிப்பது ஒன்றிரண்டு கார்களின் கதையன்று. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் இதைப் பற்றியே எச்சரிக்கை விடுத்து, உப்பு தூவும் பகுதிகளில் 2007ஆம் ஆண்டு மற்றும் அதற்கு முந்தைய மாடல்களை வைத்திருப்போர் அடிப்பகுதியைக் கழுவவும் பைப்களைச் சோதிக்கவும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. மேலோட்டமான பழுப்பு நிறம் பெரிதன்று. செதில் செதிலாக உரிந்து, கொப்புளம் போல் வீங்கியிருந்தால் அந்த பைப்பின் காலம் முடிந்துவிட்டது.

இதை டிரைவ்வேயில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு துருவேறிய இணைப்பைத் திருகினால் அடுத்த அடியில் இன்னொன்று உடையும். பைப்பின் வாயை இரட்டை மடிப்பாக விரிப்பதற்குப் பழகிய கை வேண்டும். ஒன்ராறியோவில் 310எஸ் உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் கொடுத்து, துருப்பிடிக்காத செம்பு நிக்கல் கலவை பைப் போடும்படி கேளுங்கள். வெடித்த துண்டை மட்டும் வெட்டி, கம்ப்ரஷன் இணைப்பையோ ரப்பர் குழாயையோ மாட்டித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது இறங்கக் கூடாது, எந்த இணைப்பிலும் கசிவு தெரியக் கூடாது. பிறகு ஆளில்லாத தெருவில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓட்டி நிறுத்துங்கள். புதிய பேட்களைப் பழக்குவதற்கு உலர்ந்த வீதி கிடைக்கும் நாள் வரை காத்திருந்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை குறையுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் ஏறும் நாளில் அடிப்பகுதி கழுவும் வசதியுள்ள இடத்தில் காரைக் கழுவி, வீடு திரும்பும்போது பிரேக்கை மெதுவாகச் சில முறை அழுத்தி உலர்த்துங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்றாலும் பலர் மாற்றுகிறார்கள். நவம்பரில் அதற்காக எப்படியும் நான்கு சக்கரங்களும் கழலும். அன்று காலிப்பர் ஒன்றுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக எடுத்து, ஸ்லைடு பின்களை உருவித் துடைத்துக் கிரீஸ் வைத்துவிட்டால், ஜனவரியில் மறை 15 பாகையில் கராஜ் தரையில் படுக்க வேண்டியிருக்காது.